பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் செய்யும் கொடுமை

நமது நாட்டில் ஒரு குழந்தை காரணந் தெரியாமல் அழுதாலும், சாப்பிட மறுத்தாலும், தூக்கத்தில் அலறினாலும், அதற்குக் கண்ணேறு என்றும், காற்றுக் கருப்பு என்றும், கிரகக் கோளாறு என்றும் காரணங் கற்பித்து, மந்திரிப்பவனையும் ஜோசியனையும் தேடி ஓடுகின்ற வழக்கம் இருக்கின்றதேயொழிய, அந்தக் குழந்தையையே உட்காரவைத்து, "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுப் பார்க்கின்ற வழக்கம் அனேக வீடுகளில் இன்னும் ஏற்பட்டபாடில்லை. கேட்பவர்களும் கேட்கின்ற மாதிரியில் கேட்பதில்லை. "என்னடா, சொல்லித் தொலையேன்" என்று கையை ஓங்கிக்கொண்டு கேட்டால் எந்தக் குழந்தை வாய் திறக்கும்?

சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு கிராமத்திற்குப் பிரசாரத்திற்காகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மையார் ஆறாவது வகுப்புப் படிக்கும் தமது மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஐயா, இவன் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்கிறான், பத்து மணிக்கு மேல் வலி இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வருவதேயில்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். பூசாரி தாயத்துக் கட்டியும் தீரவில்லை. பேயும் பிசாசும் பொய் என்று மேடையில் பேசினீர்களே, அப்படியானால் இது என்ன?" என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். பேய் பொய் என்று சொல்லுவதோடு நம் வேலை தீர்ந்துவிடாது. வலி மெய்யாயிருக்கிறதே, அதற்கு என்ன சொல்லுகிறோம்?

பையனிடம் நாம் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாய் என்று கேட்டோம். நேர்த் தெரு இருக்க, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவதாகச் சொன்னான். ஏன் என்றதற்குத் தாயார் முகத்தைப் பார்த்தான். அரை மணி நேரம் ஆயிற்று. அவனுக்குக் கொஞ்சம் திக்குவாய். தெருமுனையில் மூன்று பையன்கள் நின்றுகொண்டு, அவனுக்கு வராத சொற்களாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுவார்களாம். அவன் திணறுவதைச் செல்போனில் படம் பிடித்து, வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பூசாரி ஐந்நூறு ரூபாயும் ஒரு சேவலும் வாங்கிக்கொண்டு ஓட்டிய பேய் இதுதான். தாயார் அழுதுவிட்டார். "இவ்வளவு நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று அவர் கேட்டதற்குப் பையன் சொன்ன பதிலைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். "சொன்னால் அப்பா அடிப்பார், செல்போனையும் பிடுங்கிக்கொள்ளுவார்" என்றான்.

இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, இதற்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று சில பெரிய மனிதர்கள் கேட்கக்கூடும். விளையாட்டு என்றால் இரு பக்கத்தாரும் சிரிக்க வேண்டும். ஒரு பக்கம் சிரிப்பும் மற்றொரு பக்கம் அழுகையுமாய் நாள்தோறும் நடப்பது எப்படி விளையாட்டாகும்? இந்த விஷயத்தை வெகு காலம் ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் என்னும் மனோதத்துவ அறிஞர், வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது என்னும் மூன்றும் சேர்ந்தால் அது கொடுமை என்று அளவுகோல் வகுத்தார். சமபலமுள்ள இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டுவிட்டு மறுநாள் தோளில் கை போட்டுக்கொண்டு போவது வேறு. நாலு பேர் சேர்ந்து ஒருவனைப் பொறுக்கியெடுத்து வாட்டுவது வேறு.

நார்வே தேசத்தில் 1982ஆம் வருஷக் கடைசியில் மூன்று பையன்கள், உடன்படித்தவர்களின் தொல்லை காரணமாகவே என்று கருதும்படியாக, தற்கொலை செய்துகொண்டார்கள். அந்நாட்டார் அதை விதி என்றோ, பூர்வஜன்ம வினை என்றோ சொல்லிவிட்டுச் சும்மாயிருக்கவில்லை. 1983இல் சர்க்காரே தேச முழுவதும் பள்ளிக்கூடங்களில் ஓர் இயக்கம் நடத்தியது. ஓல்வேயஸ் பெர்கன் நகரப் பக்கத்துப் பள்ளிகளில் நடத்திய முறையில் இக்கொடுமை சுமார் பாதியளவு குறைந்ததாகக் கணக்குக் காட்டினார். அவர் செய்தது மந்திரமல்ல. பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து உண்மையை அறிந்தார். இடைவேளையில் உபாத்தியாயர்களை மைதானத்தில் நிற்கச் செய்தார். வகுப்பில் வெளிப்படையாக விதி வகுத்தார். இரு பக்கத்துப் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார். மனிதன் செய்கிற காரியத்தை மனிதன் நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? உலகத்தில் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஒரு மாதத்திற்குள் ஒரு தடவையாவது இத்தொல்லைக்கு ஆளாகியிருந்ததாக யுனெஸ்கோ ஸ்தாபனம் 2019இல் வெளியிட்டது. ஆகையால் நம் வீட்டில் இல்லை என்று எவரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம்.

நிற்க, பிள்ளைகள் இதை எங்கே கற்றுக்கொள்ளுகிறார்கள் என்று கேட்கிறோம். பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்தார்களா? ஐந்து வயதுப் பையன் அறுபது வயதுத் துப்புரவுத் தொழிலாளியை "வாடா, போடா" என்கிறான். வீட்டார் திண்ணையிலிருந்து சிரிக்கிறார்கள். கறுத்த பெண்ணைப் பார்த்து இவளுக்கு எவன் வருவான் என்று அத்தைமார்கள் பேசுகிறார்கள். நொண்டி என்றும், செவிடு என்றும் ஊரில் பாதிப்பேருக்கு நாம்தான் பெயர் வைத்திருக்கிறோம். இன்ன தெருப் பிள்ளையோடு சேராதே, அவன் கொடுத்த தின்பண்டத்தை வாங்காதே என்று சொல்லித்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். வீட்டில் பாடம் நடத்துகிறவர்கள் நாம்; பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவர்கள் அவர்கள். புருஷன் பெண்ஜாதியை அடித்து அடக்குகிற வீட்டில் வளர்ந்த பையன், பலமில்லாதவன் அடிபடத்தான் பிறந்தான் என்று முடிவு கட்டிக்கொள்ளுவதில் ஆச்சரியமென்ன?

ஜாதியின் சங்கதி இன்னும் மோசம். டாக்டர் அம்பேத்கர் சிறுவனாயிருந்தபோது தம்முடைய கோணித் துண்டின்மேல் தனியே உட்கார வேண்டியிருந்ததையும், பள்ளிச் சேவகன் வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாலொழியத் தாகந் தீராதிருந்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அது பழைய காலம் என்பார்கள். 2023ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் நடந்தது எந்தக் காலம்? பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையன் ஒருவன், உடன்படித்த பிள்ளைகளின் ஜாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றான். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது, புகாரும் ஆயிற்று. அன்றிரவே அரிவாளோடு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்! புகார் வாங்கிக்கொள்ளுவதோடு பெரியவர்களின் கடமை தீர்ந்துவிடுவதில்லை, புகார் சொன்ன பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை என்பதை இரத்தத்தால் எழுதிக் காட்டிய சம்பவம் இது. இதன்பேரில் சர்க்கார் நியமித்த முன்னாள் ஐகோர்ட் ஜட்ஜ் கே. சந்துரு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். ஜாதியைக் காட்டும் கலர்க் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலியவற்றோடு பிள்ளைகள் பள்ளிக்கு வரக்கூடாதென்றும், சைக்கிளில்கூட ஜாதி வர்ணம் பூசக்கூடாதென்றும், பள்ளிகளின் பெயரிலேயே ஜாதி இருக்கக்கூடாதென்றும் சொன்னார். உடனே மதத்திற்கு ஆபத்து வந்துவிட்டதென்று சிலர் கூச்சலிட்டார்கள். ஒரு பிள்ளை வெட்டுப்பட்டபோது வராத ஆபத்து, கயிற்றை அவிழ் என்றவுடன் வந்துவிட்டது!

முன்னெல்லாம் பள்ளிக்கூட மணி அடித்தால் அன்றைய தொல்லையும் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்கு ஒரு நிழல் உண்டு. இப்போது செல்போன் வழியாகப் படுக்கைக்கே வந்துவிடுகிறது. இராத்திரி பதினொரு மணிக்கும் ஒருவன் மீம் போடுகிறான். முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். பொய்ப் பெயரில் கணக்குத் துவங்கி ஒரு பெண்ணின் படத்தை வேறொரு உடம்போடு ஒட்டி அனுப்புகிறார்கள். செய்தவன் முகம் தெரிவதில்லை. பட்டவள் அழுவதும் அவன் கண்ணில் படுவதில்லை. ஆகையால் அவனுக்கு வெட்கமும் ஏற்படுவதில்லை. இதற்காகச் செல்போன் கூடாது என்று பேசுகிறவர்களோடு நாம் சேர மாட்டோம். கத்தி காய்கறி அரியவும் உதவுகிறது. அன்றியும், சொன்னால் செல்போன் போய்விடும் என்கிற பயந்தான் அந்தக் கிராமத்துப் பையனின் வாயை அடைத்தது. முறையிட வந்த பிள்ளையிடமிருந்து செல்போனைப் பிடுங்குவது, திருட்டுக் கொடுத்தவனுக்கு அபராதம் போடுவதற்குச் சமம்.

அடையாளங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. பள்ளி நாளில் மாத்திரம் வருகின்ற வயிற்றுவலி, தலைவலி, கிழிந்த சட்டை, அடிக்கடி "தொலைந்து" போகும் பேனா, திரும்பி வரும் சாப்பாடு, காரணஞ் சொல்லாமல் கேட்கும் காசு. பள்ளி விட்டதும் வீட்டுக் கக்கூசுக்கு ஓடுகிற பிள்ளை, பள்ளிக் கக்கூசுக்குப் போகப் பயப்படுகிறதோ என்று யோசிக்க வேண்டும். செல்போன் மணி கேட்டதும் திடுக்கிடுவது, யாரும் வந்தால் கவிழ்த்து வைப்பது, ஆசையாய் வைத்திருந்ததை ஒரேயடியாய்த் தொடாமல் விட்டுவிடுவது எல்லாம் கவனிக்கத்தக்கவை. இவற்றில் ஒன்றைக் கண்டமாத்திரத்தில் இதுதான் என்று தீர்மானித்துவிட வேண்டியதில்லை. வயிற்றுவலி வயிற்றுவலியாகவும் இருக்கலாம். டாக்டரிடமும் காட்டுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். கூடச் சமையல் செய்துகொண்டோ, நடந்துகொண்டோ கேட்டால் பிள்ளைகள் பேசுவார்கள்; எதிரில் நிறுத்தி வைத்துக் கேட்பது போலீஸ் விசாரணை.

சொன்ன பிறகு செய்யவேண்டியது, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பது. "உன்மேல் தப்பில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுவது. "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கவே கூடாது. "திருப்பி அடித்துவிட்டு வா" என்பதும் வேண்டாம். அடிக்கக் கூடிய பிள்ளையாயிருந்தால் உங்களிடம் வந்திருக்காது. மாமன், சித்தப்பனைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டு வாசலில் போய் நின்றால் பிள்ளைச் சண்டை ஊர்ச் சண்டையாகி, ஜாதிச் சண்டையும் ஆகும். செல்போனில் வந்ததை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். தேதியும் பெயரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். ஆபாசப் படமாயிருந்தால் அதை நாலு பேருக்கு அனுப்பி நியாயங் கேட்கவும் கூடாது, அனுப்புவதே குற்றமாகும், நேரே போலீசிடம் போங்கள். தலைமை ஆசிரியரிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுத்து, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளையின் பாதுகாப்புக்கு நாளை முதல் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, பள்ளிக் கல்விப் புகாருக்கு 14417, மனக்கலக்கத்திற்கு 14416, இணையக் குற்றத்திற்கு 1930 என்று தொலைபேசி எண்கள் இருக்கின்றன. நல்ல நேரம் பார்க்க ஜோசியன் எண்ணை வைத்திருப்பவர்கள் இவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எவரும் கேட்க விரும்பாத சங்கதி ஒன்றுண்டு. தொல்லைப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்கள் நம்மிடம் வருகிறார்கள். தொல்லை செய்த பிள்ளையின் தகப்பனார் ஒருவராவது, "என் பையன் இப்படிச் செய்கிறானாம், என்ன செய்யலாம்?" என்று இதுவரை வந்ததில்லை. "என் பிள்ளையா? இருக்கவே இருக்காது" என்பார்கள், அல்லது தோலை உரித்துவிடுவார்கள். தோல் உரிபட்ட பையன் மறுநாள் அந்தக் கோபத்தையும் சேர்த்து அந்த ஏழைப் பிள்ளைமேல்தான் காட்டுவான். என்ன செய்தான் என்று முழுவதும் விசாரியுங்கள். வீட்டில் அவன் எதைப் பார்த்தான் என்று யோசியுங்கள். செய்த கெடுதியை அவனே சரிசெய்யும்படி செய்யுங்கள். பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளையும் விட்டுவிடக்கூடாது. அவர்கள்தான் எப்போதும் அதிகம் பேர். சிரிக்காமலிருப்பதும், அந்தப் படத்தை மேலே அனுப்பாமலிருப்பதும், உபாத்தியாயரிடம் போய்ச் சொல்லுவதும் கோள் சொல்லுவதாகாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நாம் முன்சொன்ன அம்மையார் எழுத்தில் புகார் கொடுத்தார். தலைமை ஆசிரியை அம்மூன்று பையன்களையும் தனித்தனியே விசாரித்து, அவர்கள் பெற்றோரையும் வரவழைத்து, படத்தை எல்லாச் செல்போனிலிருந்தும் நீக்கச் செய்து, தெருமுனைக்கு ஒரு மாத காலம் ஒரு வாத்தியாரை அனுப்பி வைத்தாராம். சென்ற வாரம் அந்த அம்மையாரைச் சந்தையில் பார்த்தோம். பையன் நேர்த் தெரு வழியாகவே போகிறான், வயிற்றுவலியும் இல்லை என்றார். ஆனால் தாயத்து மாத்திரம் கையிலேயே இருந்தது. இன்னும் ஏன் அம்மா இது என்று கேட்டோம். "ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கட்டினதல்லவா ஐயா" என்றார்.