மியூனிக் கடைவீதியும் நம்ம ரத வீதியும்

ஜெர்மனியில இருக்கிற மியூனிக் நகரத்துக் கடைவீதியைப் பத்திப் பேச ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயிக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. வேலை இருக்கு மக்களே. அந்த ஊருக்கு நான் போனதில்ல, படிச்சதும் படத்துல பார்த்ததும்தான். ஆனா அங்க செஞ்சதுல நாம எடுத்துக்க வேண்டியதும் இருக்கு, உசாரா இருக்க வேண்டியதும் இருக்கு.

மியூனிக்ல நாய்ஹவுசர், காஃபிங்கர்னு ரெண்டு வீதி. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மரியன்பிளாட்ஸ்ங்கிற சதுக்கத்துல போய் முடியும். ஒரு காலத்துல காரும் டிராமும் அதுவழியாத்தான் ஓடுச்சு. ஒலிம்பிக் நடந்த 1972-ல, அந்த வீதிகளை நடக்கிறவங்களுக்குன்னே ஒதுக்கிட்டாங்க. ஜனங்க வந்து போக பூமிக்கடியில ரயில். கடைக்குச் சரக்கு இறக்கத் தனி நேரம்.

அதுக்குப் பத்து வருசம் முன்னாடியே, 1962-ல, டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல ஸ்ட்ராய்யட் வீதியில இதைச் செஞ்சாங்க. யாவாரம் படுத்துரும்னு கடைக்காரங்க பயந்தாங்க, ஆனா படுக்கல. சோதனைக்குன்னு ஆரம்பிச்சது 1964-ல நிரந்தரமாயிருச்சு. காரணம் ரொம்ப எளிசு. கார்ல போறவரு கடையைத் தாண்டிப் போயிருவாரு. நடந்து போறவருதான் நின்னு பாப்பாரு, விலை கேப்பாரு, வாங்குவாரு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஆண்டாள் கோயிலைச் சுத்தி நாலு ரத வீதி. ஆடிப்பூரத்துக்கு அம்மாம்பெரிய தேர் திரும்பணுமேன்னு அகலமா விட்ட வீதிங்க. கோபுரம் பாக்கவும் பால்கோவா வாங்கவும் வெளியூர் ஜனம் வருது. 2019-ல பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனா சாயங்காலம் ஒரு வயசான அம்மா பேரப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியா நடக்க முடியுதா? ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது. நடுவுல ஆரன் சத்தம். தேரோட்டத்தன்னைக்கு மட்டும் வீதி வீதியா இருக்கு.

நெரிசல்னு பேச்சு வந்தா முதல்ல கை நீட்டுறது தரையில உக்காந்திருக்கிற கீரைக்காரம்மா மேலதான். மம்சாபுரம், வத்திராயிருப்பு பக்கமிருந்து காலை பஸ்ல கூடையோட வர்றவங்க. 2021-லேர்ந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாதுங்கிறதால கொஞ்சம் மிச்சம் பாக்குறாங்க. ஒரு கணக்குப் போடுங்க. சின்னக் கார் ஒண்ணு நிக்க பதிமூணு அடி நீளம், அஞ்சரை அடி அகலம் வேணும். அதுல மூணுக்கு மூணு அடியில நாலு கூடைக்காரங்க உக்காரலாம். கார் நாள் பூரா சும்மா நிக்கும். நாலு கூடையில நாலு வீட்டு அடுப்பு எரியும்.

உசாரா இருக்க வேண்டிய இடம் இதுதான். நடக்கிற வீதியானதும் மியூனிக்ல கூட்டம் கூடுச்சு, கூடவே வாடகையும் ஏறுச்சு. காஃபிங்கர் வீதி இன்னைக்கு ஜெர்மனியிலயே வாடகை கூடுன வீதிகள்ல ஒண்ணு. பெரிய கம்பெனிக் கடைங்கதான் அதுல தாக்குப்பிடிக்குது. ஆனா மரியன்பிளாட்ஸ்லேர்ந்து நாலு எட்டு வச்சா, 1807-ல ஆரம்பிச்ச விக்டுவாலியன் சந்தை இன்னும் காய், பழம், பூன்னு நடக்குது. அதை ஊருக்கு வெளிய தள்ளல.

சென்னை பாண்டிபஜார்ல என்ன நடந்துச்சு? 2013-ல நடைபாதை வியாபாரிகளை ஒரு கட்டடத்துக்குள்ள மாத்துனாங்க. 2019 நவம்பர்ல அதே ரோட்டுல அகலமான நடைபாதை திறந்தாங்க. நடக்க இடம் வந்தது நல்லதுதான். ஆனா அந்தத் தெருவுக்கு ஜனத்தை இழுத்ததுல நடைபாதைக் கடைக்கும் பங்கு உண்டே!

தெருவோர வியாபாரிகளுக்குன்னு 2014-லயே மத்திய சட்டம் வந்தாச்சு. நகர விற்பனைக் குழுவுல நூத்துக்கு நாப்பது பேருக்குக் குறையாம வியாபாரிகள் இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும்னு அதுல இருக்கு. ரத வீதியைப் பத்தி என்ன முடிவு எடுத்தாலும் கூடைக்காரம்மாவும் அந்த மேசையில உக்காந்து பேசணும்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. ஒரே ஒரு ரத வீதி. சனி, ஞாயிறு சாயங்காலம் நாலு மணிலேர்ந்து ஒம்பது வரைக்கும். மூணு மாசம் சோதனை. ஆம்புலன்சுக்கும் அந்த வீதியில குடியிருக்கிறவங்களுக்கும் வழி விடணும். சரக்கு வண்டி காலையிலயே வந்து போகட்டும். கூடைக்காரங்களுக்குக் கோடு போட்டு இடம் குடுங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடக்கிற தூரந்தானே! யாவாரம் குறைஞ்சா பழையபடி விட்டுரலாம்.

தேர் வருதுன்னா எல்லா வண்டியும் ஒதுங்குது. வாரத்துல ரெண்டு சாயங்காலம் மனுசனுக்காகவும் ஒதுங்குனா என்ன குறைஞ்சுபோகும்?