ஒரு மெய்யும் நூறு பொய்யும்

நிலம் நடுங்கி ஓய்ந்த மறுநாள், முன்னறிவிப்பாளர்களுக்கு அறுவடை நாளாகும். இடிபாடுகளுக்குள்ளிருந்து மய்யித்துகளை எடுத்து முடிக்குமுன்பே ‘இதை நான் அன்றே சொன்னேன்’ என்று ஒருவர் எழுந்து நிற்பார். அவர் சொன்னதைத் தலைமேற் சுமந்து ஊர் ஊராகக் கொண்டு செல்ல ஆயிரம் பேர் முன்வருவர். அந்த ஆயிரம் பேரில் நம் சமுதாயத்தாரும் கணிசமாக இருக்கின்றனர் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

2023 பிப்ரவரி 6-ஆம் நாள் விடியுமுன் துருக்கியின் தென்பகுதியையும் சிரியாவின் வடபகுதியையும் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. அன்று நண்பகல் கழிந்ததும் 7.5 அளவில் இன்னொன்று. துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுக்காகத் துஆச் செய்ய ஏந்திய கைகள் தாழுமுன், நம் செல்பேசிகளில் ஒரு செய்தி வந்து குவிந்தது: ஹாலந்து நாட்டுக்காரர் ஒருவர் மூன்று நாள் முன்பே இதைச் சொல்லிவிட்டார், அவர் கணக்குப்படி அடுத்தது இந்தியா. வளைகுடாவில் இருக்கும் பிள்ளை உம்மாவுக்கு அனுப்ப, உம்மா தங்கைக்கு அனுப்ப, கடையநல்லூருக்கும் புளியங்குடிக்கும் போய், நாம் வாழும் மேலநீலிதநல்லூருக்கும் அது வந்து சேர்ந்தது. அதன் கீழே திருமறையின் ‘ஸில்ஸால்’ அத்தியாயத்தின் பெயரையும் எவரோ ஒட்டியிருந்தார். இறைவேதத்தின் பெயர் ஒட்டிய பின் எந்த வீட்டுப் பெண்மணிக்குத்தான் உறக்கம் வரும்?

அந்த மனிதரின் பெயர் ஃபிராங்க் ஹூகர்பீட்ஸ். அவர் பிப்ரவரி 3-ஆம் நாள் எழுதியது உண்மையே. ஆனால் எழுதியது யாது? துருக்கி, ஜோர்தான், சிரியா, லெபனான் சூழ்ந்த அப்பகுதியில் இன்றோ என்றோ 7.5 அளவை ஒட்டிய நடுக்கம் வரும் என்பதே. ‘இன்றோ என்றோ’ என்ற சொல்லை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். அதில் நாள் இல்லை, வாரம் இல்லை, ஆண்டும் இல்லை. அப்பகுதியின் கீழே பெரும் நிலப்பிளவு ஓடுகிறது. அங்கே பெருநடுக்கம் வரும் என்பதைப் புவியியலார் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தனர். சித்திரை வெயிலில் நின்றுகொண்டு ‘என்றாவது மழை பெய்யும்’ என்பவரை எவரும் வானிலை மேதை என்று கொண்டாடுவதில்லை. இவரை மட்டும் கொண்டாடினோம்; மூன்றாம் நாளே நிகழ்ந்துவிட்டதால்!

அவருடைய கருவி, கோள்களின் அணிவகுப்பு. இது புதிய கருவி அன்று. ஹிஜ்ரி 582-இல், அதாவது 1186-இல், ஐந்து கோள்கள் துலா ராசியில் கூடுகின்றன, உலகையே துடைத்தெறியும் பெருங்காற்று வீசும் என்று அக்காலத்துச் சோதிடர்கள் நாள் குறித்தனர். இன்றைய தென்கிழக்குத் துருக்கியிலுள்ள ஜிஸ்ரேயில் பிறந்த வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர், தாம் வாழ்ந்த காலத்து நிகழ்ச்சியாக இதைத் தம் ‘அல்காமில்’ நூலில் பதிந்திருக்கிறார். குறித்த நாளில் காற்றே இல்லை. பொலி தூற்றக்கூடக் காற்றின்றி உழவர்கள் கோதுமையையும் வாற்கோதுமையையும் களத்தில் போட்டுக் காத்திருந்தனராம். களத்தில் முறத்தோடு நின்று காற்றுக்கு ஏங்கிய கரிசல் காட்டு மக்களுக்கு இந்த நகைச்சுவையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அன்றைய சோதிடர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: அவர்கள் நாளைக் குறித்தார்கள். ஆகவேதான் தோற்றார்கள். இக்காலத்தார் அந்தத் தவற்றைச் செய்வதில்லை.

நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரளத்தைச் சேர்ந்த ஒருவர், புலன்களுக்கு அப்பாற்பட்ட ஆற்றலால் தாம் கண்டதாகச் சொல்லிப் பிரதமருக்கே கடிதம் எழுதினார். டிசம்பர் 31-க்குள் இந்துமாக் கடலில் பெரும் நிலநடுக்கம் எழும், பல நாடுகள் அழிவுக்குள்ளாகும் என்பது அதன் சாரம். அக்கடிதம் நம் தென்கோடிக் கடற்கரை ஊர்களையும் எட்டியது. டிசம்பர் 31 வந்தது, போயிற்று. கடிதம் சொன்ன பேரழிவு நேரவில்லை. அவர் எல்லைநாள் குறித்ததால் தீர்ப்புக் கூறுவது எளிதாயிற்று.

ஆயினும் வாதத்துக்காக ஒருவர் அவர் பக்கம் நின்று பேசட்டும். நவம்பர் 12-இல் ஈரான், இராக் எல்லையில் 7.3 அளவில் நிலம் அதிர்ந்து அறுநூறு பேருக்கு மேல் மாளவில்லையா? டிசம்பர் 15-இல் ஜாவாத் தீவில் 6.5 அளவில் அதிரவில்லையா? நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரி மீனவர்களை வாரிச் செல்லவில்லையா? இவற்றுள் ஒன்றை எடுத்துக் கடிதத்தோடு முடிச்சுப் போட எவராலும் இயலும். கடலைச் சொன்னவர்க்கு மலைநாடும் வெற்றி, பேரதிர்வைச் சொன்னவர்க்குச் சிற்றதிர்வும் வெற்றி, பூகம்பத்தைச் சொன்னவர்க்குப் புயலும் வெற்றி என்று வைத்தால் உலகில் பொய்த்துப் போகும் வாக்கே கிடையாது.

குறிகாரர்களைப் பற்றித் தோழர்கள் வினவியபோது நபிகள் நாயகம் (ஸல்) அளித்த விளக்கத்தை ஸஹீஹுல் புகாரியில் ஓதியவர்கள் அறிவர். திருட்டுத்தனமாகக் கேட்கப்பட்ட ஒரு மெய் குறிகாரனின் காதில் விழுகிறது. அதனோடு அவன் நூறு பொய்களைக் கலந்து விற்கிறான். மக்களோ அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, இன்ன நாளில் இன்னதைச் சொன்னானே, அப்படியே நடந்ததே என்று வியக்கிறார்கள். இந்த ஹதீஸை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம், இதில் கண்டிக்கப்படுபவன் குறிகாரன் மட்டுமா என்று நாம் மாணவர்களிடம் கேட்பதுண்டு. ஒன்றை நினைவில் வைத்து நூறை மறக்கும் நம் மனமும் அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

அப்படியானால் நூறையும் எண்ண வேண்டும். எப்படி எண்ணுவது? இக்கலையை உலகுக்குக் கற்பித்தவர்களே நம் முன்னோர்தாம். ஸன்ஆ நகரில் யஹ்யா இப்னு மயீன் ஒரு மூலையில் அமர்ந்து, பொய்யானவை என்று தாமே அறிந்த அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருக்கக் கண்டு இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் வினவினார்களாம். நாளை எவனாவது நம்பத்தகாதவரின் பெயரை நீக்கி நம்பத்தக்கவரின் பெயரை அங்கே வைத்தால், பொய்யைப் பொய் என்று காட்ட இந்த ஏடு வேண்டும் என்பதே இப்னு மயீனின் விடை. பொய்யையும் தேதியிட்டுப் பத்திரப்படுத்தும் இந்த ஒழுக்கம்தான் முன்னறிவிப்புகளைச் சோதிக்கும் முதற்படி. ஓர் அறிவிப்பாளரின் தரத்தை அவர் எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து ஹதீஸ் கலை முடிவு செய்வதில்லை; எத்தனை முறை பிழைத்தார் என்பதையும் கேட்கிறது. பிழை மிகுந்தவரின் அறிவிப்பு தள்ளுபடி, அவர் எவ்வளவு நல்லவராயினும் சரி.

ஆகவே நிலநடுக்கம் சொல்ல வருபவர் முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டியவை: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்த ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள், எந்த அளவுக்குக் குறையாமல். எழுதிய தாளைத் திருத்த இயலாதபடி பிறர் கையில் ஒப்படைக்க வேண்டும். பின்னர் பலித்தவை, பலிக்காதவை, அவர் சொல்லாமலே வந்த நடுக்கங்கள் ஆகிய மூன்றையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இத்துடன் முடியவில்லை. பலித்தது என்றாலும் அது அறிவால் பலித்ததா, குருட்டு வாய்ப்பால் பலித்ததா? உலகில் ஆண்டுதோறும் 6 அளவுக்குக் குறையாத நடுக்கங்கள் ஏறத்தாழ 150 நிகழ்கின்றன. 5 அளவுக்கு மேற்பட்டவை ஆயிரத்தைத் தாண்டும். எனவே ‘வரும் மூன்று நாளில் உலகில் எங்கேனும் 6 அளவுக்குக் குறையாத நடுக்கம் வரும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், பத்துக்கு ஏழு முறை பலித்துவிடும்! தேங்காய் உருட்டுபவரும் சொல்லலாம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லலாம். இதே வாக்கை மேலநீலிதநல்லூரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் என்று சுருக்கிச் சொல்லட்டும். அப்போது தெரியும் அருமை.

வாய்ப்பையும் அறிவையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. பக்தாதுக்கு வந்த இமாம் புகாரியைச் சோதிக்க அங்குள்ளோர் நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பத்துப் பேரிடம் கொடுத்து ஓதச் செய்தார்கள் என்றும், இமாம் ஒவ்வொன்றையும் அதனதன் உரிய தொடரோடு சேர்த்துச் சொன்னார்கள் என்றும் படித்திருக்கிறோம். அதே உத்தியை இங்கே திருப்பிப் போடலாம். முன்னறிவிப்பாளரின் ஓராண்டுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தேதியையும் நாற்பது நாள் தள்ளி எழுதுங்கள். இடத்தையும் அளவையும் மாற்ற வேண்டாம். நடந்த நடுக்கங்களின் பட்டியலோடு இரண்டையும் ஒப்பிடுங்கள். உண்மைத் தேதிகளுக்குப் பத்துப் பலிப்பும் மாற்றிய தேதிகளுக்கு மூன்று பலிப்பும் கிடைத்தால் அவரிடம் ஏதோ இருக்கிறது, மேலும் ஆராய்வோம். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை கிடைத்தால் அவர் கணக்கில் தேதிக்கு மதிப்பே இல்லை. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். நம்மூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பில் செய்து முடிக்கலாம். ஒரு பெருநடுக்கத்துக்குப் பின் அதே இடத்தில் பல சிறுநடுக்கங்கள் தொடர்வது இயல்பு. அவற்றைச் சொல்லி வென்றதைக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். இன்றேல் ‘நேற்று அதிர்ந்த இடத்தில் நாளையும் அதிரும்’ என்பவரே பெரிய ஞானியாகிவிடுவார்.

இங்கே நம்மவர் சிலர் குறுக்கிடுவர்: ‘ஹஜ்ரத், மறைவானதை அறிவது அல்லாஹ் ஒருவனே, பிறகு சோதனை எதற்கு?’ மறைவானதை உரிமை கொண்டாடுபவனிடம் போகக்கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கருமேகம் கண்டு மழையை எதிர்நோக்குவதும், நாடி பிடித்து நோயைச் சொல்வதும் மறைஞானத்துக்குப் போட்டியாகா. கிணற்று நீர்மட்டம், ரேடான் வாயு, விலங்குகளின் நடமாட்டம் என்று அடையாளங்களைப் பார்த்துப் பேசுபவர் குறிகாரர் அல்லர். அவரை ஏளனம் செய்வது அறிவும் அன்று. சோதித்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. அறிவுலகமும் இதில் வென்றுவிடவில்லை. சீனத்தில் 1975-இல் ஹைசெங் மக்களை முன்னரே வெளியேற்றிப் பல உயிர்களைக் காத்தனர். மறு ஆண்டு டாங்ஷானில் எச்சரிக்கையின்றி இரண்டு இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993-க்குள் வரும் என்று அமெரிக்க நிபுணர்கள் கருவிகளோடு காத்திருந்தது 2004-இல் வந்தது. அவர்கள் எழுதிவைத்துத் தோற்றார்கள், தோற்றதையும் எழுதினார்கள். மதிக்கத்தக்க தோல்வி அது.

நபி பெருமானாரின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. மகனின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். தமக்குப் பெருமை சேர்க்கும் பேச்சுத்தானே என்று பெருமானார் (ஸல்) வாளாவிருக்கவில்லை; எவருடைய இறப்புக்கும் பிறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று உடனே மறுத்தார்கள். பெற்ற மகனை இழந்த துயரத்திலும் தற்செயலைத் தற்செயல் என்றே சொன்ன நபியின் உம்மத், அத்தியாய எண்ணையும் வசன எண்ணையும் காலண்டர்த் தேதியோடு பொருத்தித் திருமறையைப் பஞ்சாங்கமாக்கிக்கொண்டிருக்கிறது. இதைச் செய்பவர்களைவிட, மிம்பரில் நின்றும் இதைக் கண்டிக்காதவர்கள் மீதே நம் மனத்தாங்கல் அதிகம்.

‘சொன்னால் என்ன நஷ்டம்? மக்கள் எச்சரிக்கையாக இருப்பார்களே’ என்பது மற்றொரு வாதம். இத்தாலியில் 2009 மார்ச் இறுதியில், ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர் ரேடான் வாயுவை அளந்து சுல்மோனா நகருக்கு ஆபத்து என்றார். அங்கே ஒன்றும் நேரவில்லை. ஏப்ரல் 6-இல் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள லாக்விலா இடிந்து முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். சுல்மோனா மக்களை வெளியேற்றியிருந்தால் அவர்களுள் சிலர் லாக்விலாவிலேயே தஞ்சம் புகுந்திருக்கவும் கூடும். 2011 மே 11-இல் ரோம் அழியும் என்று, மறைந்துபோன ஒருவரின் பெயரால் வதந்தி கிளம்பி அந்நகரில் பலர் கடையடைத்தனர். ரோம் அசையவில்லை. அதே நாளில் ஸ்பெயினின் லோர்கா நகரில் நிலம் அதிர்ந்து ஒன்பது பேர் இறந்தனர்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சோதிடம் தேவையில்லை, செய்தி போதும். அச்செய்தியைத் தர 2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஐந்து முறை வதந்திக்குப் பயந்து ஓடிக் களைத்த மக்கள், ஆறாம் முறை மெய்யான எச்சரிக்கை வரும்போது வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த இரத்தப்பழி யாரைச் சேரும்? பகிர்ந்தவர்கள் சிந்திக்கட்டும்.

தென்னாடு அசையாத பாறை என்ற மிதப்பும் வேண்டாம். 1900 பிப்ரவரி 8-இல் கோவைப் பகுதி 6 அளவை ஒட்டி அதிர்ந்தது. 2001 செப்டம்பர் 25-இல் புதுவைக்கு அப்பால் கடல் 5.5 அளவில் அதிர்ந்தது. 1993 செப்டம்பர் 30-இல் மராட்டியத்தின் கில்லாரியில் உறங்கிய ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது, மண்சாந்து வைத்துக் கட்டிய கனத்த கற்சுவர்கள். வளைகுடாப் பணத்தில் மாடிமேல் மாடி எழுப்பும் நம்மவர்கள், நாள் சொல்லும் ஹாலந்துக்காரரை விட்டுத் தூணுக்குள் எத்தனை கம்பி போகிறது என்று கொத்தனாரைக் கேட்கலாம்.

நம் வட்டாரத்தில் நிலநடுக்கத்தை முன்னறிய வல்லவர் எவரேனும் இருப்பின் அவருக்கு ஓர் அழைப்பு. நாள், இடம், அளவு மூன்றையும் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நீதியுள்ள இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு தரட்டும். பன்னிரண்டு உறைகள், மாதம் ஒன்றாக. ஓராண்டு முடிந்ததும் ஊர் கூடி அவற்றைப் பிரிப்போம். தேதிகளை நாற்பது நாள் தள்ளி எழுதிய பட்டியலையும் அருகில் வைப்போம். அதுவரை அவர் பெயரால் வரும் எந்தச் செய்தியையும் எவருக்கும் அனுப்பமாட்டோம்.