சரம் மாறலாமா?

எழுத்துகளைக் கோத்து வைத்த தொடரைக் கணிப்பொறி மொழிகளில் சரம், அதாவது ஸ்ட்ரிங், என்கிறோம். கோத்த சரத்தில் பிறகு கை வைக்கலாமா என்பதில் மொழிகளுக்குள் ஒற்றுமையில்லை. 1995இல் வெளிவந்த ஜாவாவும் ரூபியும் எதிரெதிர்க் கட்சி. ஜாவாவில் சரம் மாறாது, ரூபியில் மாறும். பைத்தான் ஜாவாவின் பக்கம்.

மாறுவதே வசதி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகல் வீணாகும் வரை. ரூபியில் ‘ஊர்’ என்ற பெயருக்கு ‘மதுரை’ என்ற சரத்தைக் கொடுத்தேன். ‘முகவரி = ஊர்’ என எழுதி, முகவரியின் இறுதியில் அஞ்சல் எண்ணை ஒட்டினேன். என்ன விந்தை! ஊரின் இறுதியிலும் எண் முளைத்திருந்தது. பெயர்கள்தாம் இரண்டு, நினைவகத்தில் இருந்த சரம் ஒன்றே. பிழையென்று கணிப்பொறி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

மாறாச் சரத்துக்கும் விலையுண்டு, மறுக்கவில்லை. ஜாவாவில் ஒவ்வோர் எழுத்தாக 10,000 எழுத்துகளை ஒட்டினால், ஒவ்வொரு முறையும் புதுப்படி எடுத்து, ஏறத்தாழ 5 கோடி எழுத்துகளை எழுத நேரும். அந்த வேலைக்கென்றே மாற்றத்தக்க ‘ஸ்ட்ரிங்பில்டர்’ 2004 முதல் அதில் இருக்கிறது. ஆனால் நண்பர்களே, நிரல் மெதுவாக ஓடினால் கண்ணுக்குத் தெரியும். நாமறியாமல் மாறிய ஊர்ப்பெயர் தெரியுமா? சரம் மாறாதிருப்பதே இயல்பாகட்டும், மாற்ற வேண்டியவர் கேட்டு வாங்கட்டும் என்பதே என் துணிபு. ரூபியும் மெல்ல இப்பக்கம் திரும்புகிறது. 2024 டிசம்பரில் வந்த 3.4ஆம் பதிப்பு, நிரலில் நேரே எழுதிய சரத்தை மாற்றினால் எச்சரிக்கும். எச்சரிக்கைகளைக் காட்டுமாறு நாம் முன்பே பணித்திருந்தால் மட்டும்!