மாமா உண்ட பத்தியக்கறி

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் வீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து வருவோர், சித்தாண்டி என்றதும் சித்திரவேலாயுதர் கோயிலையே முதலில் நினைப்பர். சேவற்கொடியோன் வீற்றிருக்கும் ஊரில் இருந்துகொண்டு கோழிக்கறியைப் பற்றி எழுதுவது தகுமோ என்று நாமும் சற்றே தயங்கினோம். கோயிலிற் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டு மச்சச் சட்டிகள் பரணுக்குப் போய்விடும். கொடி இறங்கியபின் அவையும் இறங்கிவிடும். இதனை முருகப்பெருமான் அறிவார். வாசகர்களிடம் மறைத்து ஆவதொன்றில்லை.

எங்கள் பகுதியில் மணமான ஆண்மகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வதே பழைய வழக்கம். வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகும். ஆதலால் நாம் பதினாறு ஆண்டுகளாக மாமியின் அடுக்களை ஆட்சிக்கு உட்பட்ட குடிகளாக வாழ்ந்து வருகின்றோம். கல்லூரியிலே நாற்பது மாணவரை ஒரு பார்வையால் அடக்கும் எமக்கு, அவ்வடுக்களையில் உள்ள அதிகாரம் தேங்காய் திருவிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். அந்தச் சிறு அதிகாரமும் சென்ற ஆண்டு எம்மிடமிருந்து பறிபோயிற்று. அது போன கதையையே இவ்வாரம் கூற விரும்புகின்றோம்.

பெரும்போக வெட்டு முடிந்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த மறுவாரம் எமது மாமாவுக்கு நெஞ்சு நோவு கண்டது. பத்து நாள் வைத்தியசாலையில் இருந்து மீண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் கூறியவை சிலவே: கொழுப்பைக் குறைக்க வேண்டும், தேங்காய்ப்பாலை அளவோடு கொள்ள வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், இறைச்சி உண்பதானால் தோல் நீக்கிய கோழி உண்ணலாம். மிளகாயைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறினாரில்லை. அதைக் கூறியவர்கள் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். ஒருவர் உறைப்பு இரத்தத்தைக் கொதிக்கச் செய்யும் என்றார். மற்றொருவர் வயிற்றிற் புண் வரும் என்றார். தோடம்பழப் பையோடு வந்த மூன்றாமவர் கறித்தூளையே வீட்டுக்குள் வைக்கலாகாது என்று விதித்துவிட்டு, எங்கள் வீட்டு மீன்குழம்போடு இருமுறை சோறு வாங்கி உண்டு சென்றார்.

அன்று முதல் அடுப்பிலே இரண்டு சட்டிகள் ஏறின. ஒன்று குடும்பத்துக்கு, மற்றது மாமாவுக்கு. மாமாவின் சட்டியில் கடைக் கோழியின் நெஞ்சிறைச்சி மஞ்சளும் சிறிது உப்பும் இட்டு அவிக்கப்பட்டு, வெண்ணிறமாகக் கிடக்கும். ஐம்பது ஆண்டுகளாக வயல் வாடியிலே நண்பகல் வெயிலில் உறைப்புக் கறியோடு சோறுண்ட மனிதர் அதனை எவ்வாறு உண்பார்? இரண்டு வாய் உண்டு, கையைக் கழுவிவிடுவார். பின்னர் விறாந்தையிலே தனியே அமர்ந்து உண்ணத் தொடங்கினார். ஒரு நாள் மாமியை நோக்கி, "ஏன் புள்ள, நான் உங்களோட இருந்து தின்னப்படாதா?" என்று கேட்டார். மாமி பதில் கூறாது உள்ளே சென்றார். அன்று இரவு மாமியும் உண்ணவில்லை என்பதை எமது இல்லாள் மறுநாட் கூறியே நாம் அறிந்தோம். இரண்டு மாதத்தில் மாமாவின் சாரம் இடுப்பில் நில்லாமல் நழுவத் தொடங்கியது. நோயினால் மெலிந்தாரென ஊரார் கூறினர். அவர் மெலிந்தது தனிச் சட்டியினால் என்றே நாம் இன்றும் கருதுகின்றோம்.

இனி ஒரே சட்டிதான் என்று மாமி முடிவு செய்தார். முதல் முயற்சியில், வழக்கமான கறியில் தேங்காய்ப்பாலை மட்டும் விட்டுவிட்டு, தூளை வழக்கம்போலவே இட்டார். அன்று எங்கள் வீட்டிற் கண்ணீர் சிந்தாதவர் எவருமில்லை. சின்ன மகன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான்.

எமது கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரிடம் இதனைக் கூறியபோது அவர் சிரித்தார். மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கப்சேசின் என்னும் பொருள். அது விதையில் உள்ளதென்று பலரும் எண்ணுவர். உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சதையிலேதான் அது உண்டாகின்றது. நீரில் அது நன்கு கரையாது, கொழுப்பிற் கரையும். தேங்காய்ப்பால் உள்ள கறியில் உறைப்பின் ஒரு பகுதி அப்பாலின் கொழுப்போடு கலந்து மெல்ல நாவை அடைகின்றது. பாலை எடுத்துவிட்டால் அதே அளவு தூள் நேரே நாவிற் பாயும். ஆகவே பாலைக் குறைப்பவர் தூளையும் குறைத்தாக வேண்டும். கிணற்றடிக்கு ஓடிய மகனுக்குத் தண்ணீரால் ஆறுதல் கிட்டாததும் இதனாலேதான். பாலிலுள்ள கேசின் என்னும் புரதமே கப்சேசினை நாவிலிருந்து அகற்ற வல்லது. உறைப்புக் கறி உண்டபின் ஒரு கரண்டி மட்டக்களப்பு எருமைத் தயிரை நாடிய நம் முன்னோர், கேசினின் பெயரை அறியாவிடினும் அதன் பயனை அறிந்திருந்தனர்.

நண்பர் மேலும் ஒரு செய்தி கூறினார். நாவிலும் தோலிலும் சூட்டை உணர்வதற்கென ஒரு வாயில் உண்டு. ஏறக்குறைய 43 பாகை வெப்பத்தில் அது திறக்கும். கப்சேசின் பட்டாலும் அதே வாயில் திறந்துகொள்கின்றது. சூடில்லாமலே சுடுகின்றது என்று மூளை ஏமாறுவது இதனால்தான். டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1997இல் இதனைக் கண்டறிந்தார். 2021இல் அவருக்கு நோபல் பரிசின் பாதி கிடைத்தது. பறவைகளிடத்திலோ அவ்வாயில் கப்சேசினுக்குத் திறப்பதில்லை. முற்றத்திற் காயும் மிளகாயைக் கோழி கொத்தித் தின்றாலும் அதற்கு ஒன்றும் தோன்றாது. இதனை நாம் மாமியிடம் பெருமையோடு எடுத்துரைத்தபோது, "கோழிக்கு உறைப்புத் தெரியாதெண்டா நமக்கென்ன மருமகன், தின்னுறது நாமதானே?" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை.

வயிற்றுப் புண்ணைப் பற்றிய அச்சத்தையும் ஈண்டுத் தீர்த்துவிடுவோம். குடற்புண்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒருவகைப் பற்றீரியாவே என்பதை அவுஸ்திரேலியாவின் பரி மார்ஷல், ரொபின் வாரன் என்னும் இருவரும் காட்டினர். மார்ஷல் 1984இல் அப்பற்றீரியாவைத் தாமே குடித்து நோயுற்றுச் சோதித்தார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நோ மாத்திரைகளை அளவின்றி விழுங்குவதும் மற்றொரு காரணம். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை; எனினும் ஏற்கெனவே நெஞ்செரிவும் வயிற்றெரிவும் உள்ளோருக்கு அது வேதனையைக் கூட்டலாம். அவர்கள் தம் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும். தோடம்பழப் பையோடு வருபவரைக் கேட்டல் வேண்டா.

மறுபடியும் மாமியின் அடுக்களைக்கு வருவோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி திடீரென நிமிர்ந்து, "சரக்குக் கறி!" என்றார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் கொடுக்கும் பத்தியக்கறி அது. கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அம்மியில் அரைத்து, மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்க்காமல் ஆக்குவது. கொழுப்பில்லாக் கோழிக்கறியை வேற்று நாட்டுச் சமையற் புத்தகங்களில் நாம் தேடிக்கொண்டிருந்தோம். அதுவோ எமது இல்லாள் இருமுறை பிள்ளை பெற்றபோதும் இதே அடுப்பில் கொதித்த கறி!

மிளகாய் நமது நாட்டிற் பிறந்ததன்று. 1492இல் மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் அமெரிக்காவிலே கண்டது இக்காயை. போர்த்துக்கீசர் அதனைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தனர். அவர்களே 1628இல் மட்டக்களப்பிலே கோட்டையும் கட்டினர். நாம் அதனைக் கொச்சிக்காய் என்கின்றோம். கொச்சித் துறைமுகத்தின் பெயரை அது சுமந்து வருகின்றது என்பர். அதற்கு முன் நம் முன்னோருக்கு உறைப்பென்றால் மிளகுதான். மிளகாய் வந்து ஏனைய சட்டிகளையெல்லாம் பிடித்துக்கொண்டபின்னும் பிள்ளைப்பேற்று அறையின் சட்டி மட்டும் பழைய மிளகை விடவில்லை.

மாமாவோ சீறினார். "இதென்னகா, நான் என்ன புள்ளப் பெத்தவளா? எனக்கெதுக்குச் சரக்குக் கறி?" என்று விறாந்தையிலிருந்து குரல் எழுந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின் அவர் உரத்துப் பேசியது அன்றுதான். அடுத்த நாள் மாமி வீடு முழுவதற்கும் ஒரே சட்டியில் அதனை ஆக்கி, முதலில் எமது தட்டிலும் பிள்ளைகளின் தட்டிலும் இட்டுவிட்டு, பின்னரே மாமாவுக்கு இட்டார். எல்லோரும் பிள்ளை பெற்றவர்களாகிவிட்டபடியால் மாமாவுக்கு வழக்குரைக்க இடமில்லாமற் போயிற்று.

கறியின் பக்குவத்தைச் சற்று விரிவாகவே சொல்லுவோம். இதற்கு முட்டையிட்டு ஓய்ந்த ஊர்க்கோழிப் பேடே ஏற்றது. வளவெல்லாம் கிளறித் திரிந்த கோழிக்குக் கொழுப்புக் குறைவு. தோலையும், வயிற்றுக்குள் மஞ்சளாகத் திரண்டிருக்கும் கொழுப்பையும் நீக்கிவிட வேண்டும். ஒரு கிலோ இறைச்சிக்குக் கொத்தமல்லி இரண்டு மேசைக்கரண்டி, நற்சீரகம் ஒரு மேசைக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, ஒரு துண்டு மஞ்சள், ஒரு முழு உள்ளி, சிறிது இஞ்சி. உள்ளியையும் இஞ்சியையும் ஒழிந்தவற்றை இலேசாக வறுத்து, எல்லாவற்றையும் பட்டுப்போல் அரைத்தெடுக்க வேண்டும். மண்சட்டியில் இறைச்சி, அரைத்த சரக்கு, வெட்டிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இறைச்சி மூழ்குமளவு தண்ணீர் ஆகியவற்றை இட்டு, ஒரு கொதி வந்ததும் விறகை இழுத்துவிட வேண்டும். பின்னர் ஒன்றரை மணி நேரமேனும் மெல்லிய தணலிற் கிடக்க வேண்டும். முதிர்ந்த கோழியின் தசைநார்கள் வல்லென்றிருக்கும். அவற்றைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் பொருள், நெடுநேரம் வெந்தால் ஜெலற்றினாக இளகிச் சாற்றிற் கலக்கின்றது. தேங்காய்ப்பால் இல்லாமலே குழம்பு தடிப்பது இதனாலேயாம். அவசரப்பட்டுத் தணலைக் கூட்டினால் நீர் வற்றுமேயன்றி நார் இளகாது. இறுதியில் உப்பு, அதுவும் பாதி. இறக்கியபின் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தோன்றாது.

நாள்தோறும் ஊர்க்கோழி அறுக்க எவராலும் இயலாது; அதன் விலையும் அப்படி. கடைக் கோழி ஏறக்குறைய ஆறு வாரத்துக் குஞ்சு. அரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஆனால் சாறு தடிக்காது. அதற்கு மாமி கொத்தமல்லியையும் வெங்காயத்தையும் சற்றுக் கூட்டி அரைக்கின்றார். தோல் நீக்கி அவித்த நெஞ்சிறைச்சியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 31 கிராம் புரதமும், நாலு கிராமுக்குக் குறைவான கொழுப்புமே உள்ளன. தடித்த முதற்பாலிலோ 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு உண்டு. மெலிந்த கோழியை வாங்கி அதனை முதற்பாலில் நீராட்டிவிட்டு, கோழிக்கறி உடம்புக்கு ஆகாதென்று கோழியைக் குறை கூறுகின்றோம். தேங்காயின்மேல் எமக்குப் பகை இல்லை. முற்றத்துத் தென்னையைப் பார்த்து மாமி விடும் பெருமூச்சையும் நாம் அறிவோம். கிழமைக்கு ஒருமுறை மூன்றாம்பால் சேர்ப்பதென்று உடன்பாடாயிற்று. அன்று மட்டும் திருவலை மீண்டும் எம் கைக்கு வருகின்றது.

மூன்றாம் மாதத்திற் கொச்சிக்காயும் திரும்பி வந்தது. பழைய அளவிற் பாதிக்கும் குறைவாக. தூளை வீட்டிலேயே இடிப்பித்தார் மாமி. இந்நாட்டிற் செத்தல் மிளகாயிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. வாங்கியதை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்து, உள்ளே பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுவார். இது வீண் கண்டிப்பன்று. 1960இல் இங்கிலாந்திலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணமெனத் தெரிந்தது. அப்ளாரொக்சின் என்னும் அந்நஞ்சு ஈரம் போகாத மிளகாயிலும் உண்டாகும். அடுப்பின் சூட்டுக்கு முற்றாக அழியாது. ஆகையால் மாரி மழை தொடங்குமுன்னரே மிளகாயை நன்கு காயவைத்து இடித்து, காற்றுப் புகாத போத்தலில் அடைத்துவிடுதல் நன்று. வறுக்கும் நாளில் வீதியாற் போகிறவரும் தும்முவர். அதற்கு நாம் பொறுப்பல்லோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சின்ன மகன் விறாந்தைக் கதிரையைத் தூக்கிச் சென்று வேறு அலுவலுக்கு எடுத்துக்கொண்டான். அதில் அமர்வோர் இப்போது இல்லை. மாமா எம்மருகே பாயில் அமர்ந்து, இரண்டாம் முறை சோறு வாங்கிக் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் உண்டபின் நிமிர்ந்து, "உப்புக் காணாது" என்றார். மாமி ஒன்றும் பேசவில்லை. மற்றப் பாதித் தேசிக்காயை அவர் தட்டருகே நகர்த்தி வைத்துவிட்டு, எமது தட்டுக்கு அகப்பையை நீட்டினார்.