காமிராவிற்கும் பல் உண்டு

திருவண்ணாமலையிற் கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாள் வழக்கம். அங்கே காளை வாங்க வருங் குடியானவர் முதலிற் செய்வது யாது? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதே. இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று அறிந்த பின்னரே விலை பேசுவர். விற்பவரும் அதற்குச் சினங் கொள்வதில்லை. தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழி, விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே தீரவேண்டும் என்பதையும் உடன் உணர்த்துகின்றது. இத்தகைய ஊரிற் பிறந்த நாம், பழைய டிஜிட்டல் காமிராவை மட்டும் பல்லைப் பாராமலே வாங்குகின்றோம். இது தகுமோ?

காமிராவிற்குப் பல் ஏது என்று நண்பர்கள் நகைக்கலாம். படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதனுள் ஷட்டர் என்னும் மெல்லிய திரை திறந்து மூடுகின்றது. கண்ணாடி உள்ள காமிராவில் அக்கண்ணாடியும் எழுந்து விழுகின்றது. இயங்கும் உறுப்பு தேயும் அன்றோ? ஆதலின் எத்தனை முறை தாங்கும் என்று பரிசோதித்து, செய்தோரே பல காமிராக்களுக்கு ஓர் எண் கூறுகின்றனர். 2012-இல் வந்த கானன் 5டி மார்க் 3-க்கு 1,50,000. 2017-இல் வந்த நிக்கான் டி850-க்கு 2,00,000. 2020-இல் வந்த கானன் ஆர்5-க்கு 5,00,000. காமிராவும் தான் இயங்கிய முறைகளைத் தன்னுள் எண்ணி வைக்கின்றது. அவ்வெண்ணே காமிராவின் பல்.

வாங்கிய ஆண்டைக் கொண்டு உழைப்பை அளத்தல் இயலாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐந்தாண்டில் ஐயாயிரம் படம் எடுத்திருக்கலாம். மணவீடுகளிற் படம் எடுப்பவர் ஒரே மணத்தில் இரண்டாயிரம் எடுத்தல் வியப்பன்று. ஆண்டுக்கு ஐம்பது மணமெனின் ஓரிலக்கம் ஆயிற்று. நொடிக்குப் பத்துப் படம் எடுக்குங் காமிராவை, கடைக்கு வருவோர் விளையாட்டாக அழுத்தினால் என்னாகும்? கண்ணாடிப் பேழையில் இருந்ததென்பதனால் காட்சிப் பொருள் புதுப்பொருள் ஆகிவிடாது.

இதனை யான் ஏட்டில் மட்டும் கற்றேனல்லேன். என் பெரியப்பா மகனார் மணப்படம் எடுத்துப் பிழைப்பவர். வெளியூர்க் கடையொன்றில், “காட்சிக்கு வைத்திருந்தது, தம்பி, வேறொன்றும் இல்லை” என்று கூறக் கேட்டு, கடன் பட்டு ஒரு காமிரா வாங்கினார். மூன்றாம் மாதம், எங்கள் உறவினர் திருமணத்தில், மணமகன் தாலி கட்டக் கை உயர்த்திய வேளையில் ஷட்டர் நின்றுவிட்டது. மறுமுறை கட்டச் சொல்ல இயலுமோ? பழுது பார்ப்பவர் எண்ணை எடுத்துக் காட்டினார்: 1,62,000-க்கு மேல்! காட்சிப் பொருளன்று அது. பல மணங்களைக் கண்ட கிழக்காளை. ரசீதில் அவ்வெண் இல்லாமையால் அண்ணனால் வாதிட முடியவில்லை. கடன் இன்னும் தீரவில்லை.

ஃபிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் நம் ஊருக்கு வந்து, இரமண மகரிஷியின் இறுதி நாட்களிற் படம் எடுத்தார். அக்காலத்துக் காமிராவில் இருந்த எண்ணி, சுருளில் எடுத்த படங்களை மட்டுமே காட்டும். சுருள் மாறினால் எண்ணும் முதலிற் போய் நிற்கும். ஆதலின் அன்று பழைய காமிரா வாங்கியவர் விற்பவர் சொல்லையே நம்ப வேண்டியிருந்தது. இன்று காமிராவே சாட்சி சொல்லக் காத்திருக்கின்றது. கேளாதிருப்பது நம் குற்றமே.

கேட்கும் வகை யாது? நிக்கான், பென்டாக்ஸ் காமிராக்கள் பெரும்பாலும் படக் கோப்பினுள்ளேயே எண்ணை எழுதிவிடுகின்றன. நம் கண்முன் ஒரு படம் எடுக்கச் செய்து, அக்கோப்பை மாற்றாமற் பெற்று, எக்ஸிஃப்டூல் போன்ற மென்பொருளாற் படித்தல் போதும். வாட்சப் வழி வந்த படம் உதவாது. வழியிலேயே அக்குறிப்புகள் நீங்கிவிடும். கானன் காமிராக்களிற் பல கோப்பில் எழுதுவதில்லை. கம்பியாற் கணினியோடு இணைத்தோ, பழுது பார்க்கும் நிலையத்திலோ அறிதல் வேண்டும். கோப்பின் பெயரிலுள்ள நான்கிலக்க எண்ணை நம்பற்க. 9999-க்குப் பின் அது மீண்டும் 0001 ஆகும்.

எண் ஒன்றே போதும் என்றும் கூறேன். காணொளி எடுத்த மணிகளை அது சொல்லாது. மின்னணு ஷட்டரால் எடுத்த படங்கள் திரையைத் தேய்ப்பதுமில்லை. ஷட்டர் மாற்றப்பட்டதா என்றும் வினவுக. துளையைச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து, தூசும் கறையும் உளவோ எனக் காண்க.

“எண்ணைச் சொன்னால் வாங்குவோர் அஞ்சி ஓடுவர், நன்கு பேணிய 80,000, பேணாத 10,000-இனும் மேலன்றோ?” என்று வணிகர் வினவலாம். மெய்யே. கூறிய எண் இறக்கும் நாளன்று. அதற்கு முன் நிற்பனவும் உண்டு, அதனைக் கடந்து உழைப்பனவும் உண்டு. ஆனால் அது மறைத்தற்குக் காரணம் ஆகாது. சந்தையில் வயதேறிய மாடும் விலை போகின்றது, அதற்குரிய விலைக்கு. பழைய பொருளைப் புதிதென்று பொய்யாகக் கூறுதல் முறையற்ற வணிகமே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கூறுகின்றது.

ஆதலின் என் கருத்து இது: பழைய காமிராவையும் காட்சிக் காமிராவையும் விற்போர், விலைச் சீட்டிலும் ரசீதிலும் ஷட்டர் எண்ணைப் பொறித்தல் வேண்டும். வாங்குவோர் அதனைக் கூச்சமின்றிக் கேட்டல் வேண்டும். கண்ணாடியில்லாக் காமிராவிற்குப் பலர் மாறுவதால், பழையன இன்று சந்தையில் மிகுந்துள்ளன. அவற்றை வாங்குவோரிற் பலர் நம்மைப் போன்ற எளிய மாணவரும், தொழில் தொடங்கும் இளைஞருமே. தீபம் ஏற்றும் மாலையில் அர்த்தநாரீசுவரர் கோயிலினின்று வெளிவந்து காட்சி தருவது சில கணமே. அக்கணத்திற்காக ஆண்டு முழுதும் காத்திருப்பவன் கையில் உள்ள காமிரா, தன் வயதை மறைத்து வந்ததாக இருத்தல் ஆகாது.