ஜெபமும் விசாரணையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் விருந்தினராயிருந்தோம். 2019 வரையில் வேலூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, பின்னர் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போய்விட்ட ஊர் அது. நண்பர் தோல் பதனிடும் சாலையொன்றில் கணக்கு எழுதுகிறவர். மூன்று தலைமுறையாக லுத்தரன் சபையில் ஊன்றி நிற்கும் குடும்பம். அவ்வீட்டில் சினிமா இல்லை. மாலை ஜெபம் தவறுவதும் இல்லை.

ஆராதனை முடிந்து வந்து, சாப்பாடும் ஆயிற்று. நண்பரின் தாயார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்தார். பார்த்தவர் முகம் வாடிற்று. இந்தியாவில் பௌத்தத் தீவிரவாதிகள் நேற்றிரவு இருபது ஆலயங்களைக் கொளுத்திவிட்டார்களாம். இன்றிரவு ‘ஒலிசபாங்’ என்னும் மாகாணத்தில் இருநூறு ஆலயங்களை அழிக்கப் போகிறார்களாம். அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இருநூறு மிஷனெரிமாரைக் கொல்ல நினைத்திருக்கிறார்களாம். ஆகையால் இதை எல்லா விசுவாசிகளுக்கும் உடனே அனுப்பி ஜெபிக்கச் சொல்ல வேண்டுமாம்.

வேலூரில் நர்ஸ் படிப்புப் படிக்கும் பேத்தி அருகில் இருந்தாள். “பாட்டி, நம் தேசத்தில் அப்படி ஒரு மாகாணமே கிடையாதே!” என்றாள்.

“அனுப்பினவர் யார் தெரியுமா? நாற்பது வருஷமாக உபவாச ஜெபம் நடத்துகிறவர். அவர் பொய் சொல்வாரா?” என்று பாட்டியம்மாள் கேட்டார்.

நேயர்களே, இந்தக் கேள்வியை நாம் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. பழைமையில் பற்றுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் எந்தச் சமாசாரத்தை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் முறை முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. செய்தி எங்கிருந்து வந்தது என்பதைவிடக் கொண்டுவந்தவர் எப்படிப்பட்டவர் என்பதே அங்கே முதல் விசாரணை. அவர் ஜெபிக்கிறவரா, வேதத்துக்குக் கீழ்ப்படிந்தவரா என்று பார்க்கிறார்கள். உலகத்தார் நடத்தும் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதற்குப் பிற்பாடுதான்.

இதை வெறும் பேதைமை என்று சொல்லுவது நியாயமல்ல. 2008 ஆகஸ்டு மாதத்தில் ஒரிஸ்ஸாவின் கந்தமால் ஜில்லாவில் சுவாமி லக்ஷ்மணானந்தர் கொலையுண்டார். மாவோயிஸ்டுகள் அதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். ஆயினும் பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது. வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன; ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடினார்கள். தம்மவரின் துன்பத்தை வெளியுலகம் சரிவரச் சொல்லாது என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றியிருக்கிறதென்றால், அதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை.

ஆனால் வஞ்சகச் செய்தி பிழைப்பதும் அந்த உண்மையின் நிழலிலேதான். ‘ஒலிசபாங்’ சமாசாரம் 2010 முதல் உலகத்தைச் சுற்றி வருகிறது. அன்று முதல் அதன் ‘நேற்றிரவு’ நேற்றிரவாகவே இருக்கிறது. இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. ஆப்கானிஸ்தானத்தில் இருபத்திரண்டு மிஷனெரிமாருக்கு நாளை மரண தண்டனை என்பது அது. 2007 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து சென்ற சபை ஊழியர் 23 பேரைத் தாலிபான்கள் பிடித்துச் சென்றதும், அவர்களில் இருவரைக் கொன்றதும் மெய். மற்றவர்கள் அவ்வருஷமே விடுதலையாகி வீடு திரும்பினார்கள். செய்தியில் மட்டும் அந்த ‘நாளை’ இன்னும் விடியவில்லை!

முற்காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எதை நம்பினார்கள்? அச்சிட்ட எழுத்தை நம்பினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி 1715-இல் முடித்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1841-இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார் என்று ஒவ்வொரு தாளிலும் போட வேண்டுமென்று 1867-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. பிற்காலத்தில் ஸெஷல்ஸ் தீவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த கிறிஸ்தவ வானொலிக்கும் கடிதம் எழுத ஒரு விலாசம் இருந்தது. தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தான். இன்று கைக்குக் கை மாறிவரும் செய்திக்குத் தகப்பனும் இல்லை, விலாசமும் இல்லை. கடைசியாக அனுப்பியவரின் பக்தியே அதற்கு முத்திரையாகிவிடுகிறது. அவர் பொய்யர் அல்லர். ஆனால் அவர் கண்ணால் கண்டவரும் அல்லர்.

வேலூரைச் சுற்றி வாழும் மக்களுக்கு இந்த வித்தியாசத்தைப் பிறர் வந்து போதிக்க வேண்டியதில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய ஊர் அது. 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் ஏற்படுத்தினார். அந்த ஆஸ்பத்திரியிலும் ஜெபம் உண்டு. ஆயினும் ஜெபம் செய்த டாக்டர் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதில்லை. “நோயாளி நல்ல விசுவாசி, அவர் சொல்லும் வியாதியே வியாதி” என்று மருந்து எழுதுவதுமில்லை. பரிசோதிப்பது அவிசுவாசம் என்று அங்கே யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

2021 ஜனவரி 16-ஆம் தேதி நம் தேசத்தில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது, அந்த ஊசி வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்லிய மிருகத்தின் முத்திரை என்று ஒரு பேச்சு பல தேசங்களின் ஜெபக் குழுக்களில் உலவிற்று. அவ்வருஷம் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் தம் ஊழியர் 10,600 பேரின் கணக்கை ஆராய்ந்தார்கள். அவர்களில் 8,991 பேர் ஊசி போட்டுக்கொண்டிருந்தனர். இரண்டு ஊசியும் பெற்றவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் படுக்கும் அபாயம் பெறாதவர்களைவிட 77 சதவிகிதம் குறைந்திருந்ததென்று கண்டு, பெயரும் கணக்கும் போட்டு வெளியிட்டார்கள். ஒன்று பயத்தைச் சொல்லிற்று. மற்றொன்று எண்ணிப் பார்த்துச் சொல்லிற்று. இரண்டும் கிறிஸ்தவர்களிடையே பிறந்தவைதான்!

வேதமும் எண்ணிப் பார்க்கிறவர்கள் பக்கமே நிற்கிறது. பெரோயா பட்டணத்தார் பவுல் அப்போஸ்தலரின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேத வாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள் புகழப்பட்டார்களேயன்றிக் கண்டிக்கப்படவில்லை. ஒரே சாட்சியைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாக்கக் கூடாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். பொய்ச் சாட்சி சொல்லாதிருப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. லுத்தரன் சபையார் அதை எட்டாவதாகவும், தென்னிந்தியத் திருச்சபையார் ஒன்பதாவதாகவும் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை மாறலாம், கட்டளை ஒன்றே.

“ஜெபத்துக்கென்று வந்த சமாசாரத்தை அனுப்புவதில் என்ன கெடுதல்?” என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. வாட்ஸப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி பரவிய 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை ஜில்லா போளூருக்கு அருகே, குலதெய்வத்தைக் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர் செய்த குற்றம். அந்த வதந்தியை அனுப்பியவர்களும் பிறர் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பார்கள்.

இதை ஆம்பூர் வீட்டில் நாம் சொன்னபோது பாட்டியம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. பேத்திதான் மெல்லச் சொன்னாள்: “பாட்டி, எதிர்வீட்டு மாமாவும் பௌத்தர்தானே? அப்பாவோடு ஒரே சாலையில் வேலை செய்கிறார். இதைப் படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?”

எதிர்வீட்டார் மூன்று வருஷங்களுக்கு முன், நள்ளிரவில் பாட்டியம்மாளுக்கு மூச்சுத் திணறியபோது, தம் ஆட்டோவில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனவர்களாம். அதை நண்பர் பிறகு நமக்குச் சொன்னார்.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சிறிய விஷயமே. ஜெபத்தை ஒருவரும் தள்ளிப்போட வேண்டாம். கடவுளுக்கு விலாசம் தவறாது. அனுப்புவதை மட்டும் சற்றுத் தள்ளிப்போடுங்கள். கண்டவர் யார், நடந்த தேதி எது, யார்மேல் பழி விழுகிறது என்று கேளுங்கள். மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அச்செய்தி உங்கள் வாசலோடு நிற்கட்டும். கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, எந்த மதத்தாருக்கும் இது பொருந்தும்.

அன்று மாலை ஜெபத்தில் பாட்டியம்மாள் ஒரிஸ்ஸாவில் வீடிழந்தவர்களை நினைத்து ஜெபித்தார். அதன்பின் எதிர்வீட்டாருக்காகவும் ஜெபித்தார். பிறகு உபவாச ஜெபம் நடத்துகிறவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “ஐயா, இந்தச் சமாசாரம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தமக்கும் ஒருவர் அனுப்பியதுதான் என்றும், விசாரித்துச் சொல்கிறேன் என்றும் பதில் சொன்னாராம்.