திரையின் குற்றத்துக்கு விஜிஏ கார்ட் பலியா?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எமது கடற்கரை ஊர்களில் கணினி திருத்தும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நேர்மையான கைகள் அங்கே பல உண்டு. ஆயினும் சில கடைகளில் ஒரு நோய்க்கு எப்போதும் ஒரே மருந்துதான் எழுதப்படுகின்றது. "திரையில் நிறம் மங்கலா? பழைய மெஷின்தானே, விஜிஏ கார்டை மாற்றுங்கள்." இந்த ஆலோசனை பெரும்பாலும் பிழையானது என்பதும், அதற்கான விலையை ஏழைப் பெற்றோரும் சிறு தொழில் செய்வோருமே செலுத்துகின்றனர் என்பதுமே எனது வாதம்.

இந்த மருந்து ஒரு காலத்தில் பலித்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1987 இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய விஜிஏ, 640க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையில் 16 நிறங்களையே காட்டியது. புள்ளிகளை 320க்கு 200 ஆகக் குறைத்தால் 256 நிறங்கள் கிடைத்தன. அவையும் 262,144 நிறங்கள் கொண்ட ஒரு தொகுதியிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. பின்னர் வந்த ஒரு மெகாபைட் நினைவகமுள்ள கார்டில், 1024க்கு 768 திரையில் 256 நிறங்களுக்கு மேல் காட்ட இடமில்லை. அதே திரையில் முழு நிறத்தையும் காட்ட 2.25 மெகாபைட் வேண்டும். எனவே அன்று கார்டை மாற்றியவனின் திரையில் உண்மையாகவே நிறம் பூத்தது.

அந்தக் காலம் மலையேறிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. 1999 இல் இன்டெல் வெளியிட்ட 810 சிப்செட்டிலேயே, தனிக் கார்ட் இல்லாமல், 24 பிட் நிறம் கிடைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 16,777,216 நிறங்கள். இன்று எமது பிள்ளைகள் பாவிக்கும் பத்து, பதினைந்து வருடப் பழைய கணினிகள் அனைத்தும் இதைச் செய்ய வல்லவை. புதிய கார்டும் சாதாரண மொனிட்டருக்கு இதே எண்களைத்தான் அனுப்பப் போகின்றது. அனுப்பப்படுவது ஒன்றே என்றால், காட்சி மட்டும் எப்படி மாறும்?

மங்கல் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, திரை. மலிவான டிஎன் வகை மொனிட்டர்கள் பலவற்றில் ஒரு நிறத்துக்கு 6 பிட், அதாவது 64 படிகளே உண்டு. பெருக்கிப் பாருங்கள்: 262,144. 1987 ஆம் ஆண்டின் அதே எண்! மிகுதி நிறங்களை அருகருகே உள்ள புள்ளிகளை மாற்றி மாற்றி ஒளிரச் செய்து கண்ணுக்கு உணர்த்துகின்றார்கள். அத்தோடு, பழைய எல்சிடி திரைகளின் பின்னால் எரியும் குழல்விளக்கு வயதாக ஆக மங்கி மஞ்சளிக்கும். எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கார்ட் வாங்கினாலும் அந்த விளக்கு இளமை பெறாது.

இரண்டாவது, கேபிள். நீல நிற முனை கொண்ட 15 ஊசி விஜிஏ கேபிளில் முதல் மூன்று ஊசிகளே முறையே சிவப்பு, பச்சை, நீலத்தைச் சுமக்கின்றன. நீல ஊசி வளைந்தாலோ முறிந்தாலோ வெண்திரை மஞ்சளாகும். பச்சை போனால் ஊதா கலந்த சிவப்பாகும். சிவப்பு போனால் நீலப்பச்சையாகும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் சிறு கடை வைத்திருக்கின்றார். மஞ்சளித்த திரைக்காக அவர் தலையில் ஒரு கார்ட் கட்டப்பட்டது. பின்னர் பார்த்தால் வளைந்திருந்தது ஓர் ஊசி.

மூன்றாவது, அமைப்பு. விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டு உரிய டிரைவரைப் போடாமல் விட்டால், கணினி 'மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்' என்ற தற்காலிக ஏற்பாட்டில் ஓடும். திரைக்குப் பொருந்தாத அளவில் எழுத்தும் படமும் மங்கித் தெரியும். எச்டிஎம்ஐ இணைப்பில் கணினி தொலைக்காட்சிக்குரிய 16–235 வீச்சில் அனுப்ப, மொனிட்டர் 0–255 வீச்சை எதிர்பார்த்தால், கறுப்பு சாம்பலாகும். இரண்டுக்கும் மருந்து சில நிமிட வேலை. விண்டோஸ் 7 முதல் திரையின் நிறத்தைச் சீர்செய்யும் கருவியும் உள்ளேயே இருக்கின்றது, இலவசமாக.

அச்சுத் தொழில் செய்வோரும் மருதமுனைக் கைத்தறி வியாபாரிகளும் இன்னொரு முறைப்பாடு சொல்வார்கள்: "திரையில் ஒரு நிறம், கையில் வேறு நிறம்." பத்திரிகைப் பக்கங்களோடு பல்லாண்டு உழன்றவன் என்ற முறையில் சொல்கின்றேன்: திரை ஒளியால் நிறம் காட்டுகின்றது, காகிதம் மையால் காட்டுகின்றது. திரையில் சுடர்விடும் பச்சையை நான்கு மைகள் எட்டவே முடியாது. சாரத்தைப் படம் பிடித்த மின்குமிழின் ஒளியும், அதைப் பார்க்கும் வாடிக்கையாளரின் கைபேசியும் நிறத்தை மாற்றுகின்றன. இந்த வழக்கில் கார்ட் சாட்சி கூட அல்ல.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பரிமாண விளையாட்டு, காணொளித் தொகுப்பு, கூடுதல் மொனிட்டர், 10 பிட் திரையில் நிறத் தொழில் என்பவற்றுக்கு அது தேவைப்படலாம். மதர்போர்டின் விஜிஏ வாயில் பழுதென்றாலும் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பழைய மெஷினுக்கு எல்லாம் பொருந்தாது. ஏஜிபி துளையில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட் ஏறாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை தரும் மின்சாரம் அதிகபட்சம் 75 வோட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி மின்வயர் வேண்டும். பழைய பவர் சப்ளை பலவற்றில் அது இல்லை. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தின் முறை மாறியபோது, இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் உலகெங்கும் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. கைக்கு வரும் கார்ட் அவற்றுள் ஒன்றா என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய முடியாது.

2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐ நெருங்கியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளொன்றை வீணே வாங்குவது எத்தகைய இழப்பு என்பதை அந்த வருடம் எமக்குக் கற்பித்தது. அந்தப் பணத்தில் பாவித்த நல்லதோர் ஐபிஎஸ் மொனிட்டர் வாங்கலாம்; கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அங்கேதான் இருக்கின்றது.

வாடிக்கையாளர்களே, கடைக்குப் போகுமுன் திரையில் ஒரு நல்ல படத்தைத் திறந்து, பிரின்ட் ஸ்கிரீன் விசையால் அதைப் பிரதியெடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே நிறம் சரியாக இருந்தால் கணினியின் கணக்கு சரி. அதன் பின்னுள்ள இணைப்பிலோ திரையிலோதான் பழுது. அடுத்து கேபிளை மாற்றுங்கள், பிறகு அயல்வீட்டு மொனிட்டரை மாட்டிப் பாருங்கள்.

கடைக்காரச் சகோதரர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கின்றேன். கார்டின் விலையைச் சொல்வதற்கு முன், அதே கணினியை உங்கள் மேசையிலுள்ள நல்ல மொனிட்டரில், நல்ல கேபிளில், வாடிக்கையாளர் கண்ணெதிரே மாட்டிக் காட்டுங்கள். அப்போதும் நிறம் மங்கலாக இருந்தால் தாராளமாக விலைச்சிட்டையை எழுதுங்கள்.